படிக்கட்டைக் கண்டால் பயமா? அது மனதின் அச்சமா, உடலின் எச்சரிக்கையா?

மைசூரு: ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் மைசூரு சாமுண்டி மலையின் படிகளில் அதிகாலையிலேயே பக்தர்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் இட்டபடி ஏறுவோர் ஒரு பக்கம். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பேருந்தில் ஏறி மலைக்குச் செல்வோர் இன்னொரு பக்கம். இவர்களில் பலருக்கு நேரமின்மையோ மூட்டுவலியோ காரணமாக இருக்கலாம். சிலருக்குக் காரணம் வேறு. அவர்களுக்குப் படிகள் என்றாலே அச்சம்.

வெளியில் சொன்னால் பிறர் சிரிப்பார்கள் என்று மறைக்கப்படும் இந்தப் பயம், அன்றாட வாழ்வைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடுகிறது. மூன்றாவது மாடியில் இருக்கும் அலுவலகத்தில் கிடைத்த வேலை வேண்டாம் என்று தோன்றுகிறது. மகள் வீடு மாடியில் இருப்பதால் அங்கே போவது குறைகிறது. ரயில் நிலையத்தில் நடைமேம்பாலத்தின் படிகளுக்கு அஞ்சி, தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கவும் சிலர் துணிகிறார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம், அதைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இந்த அச்சத்திலிருந்து மீள வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். படியில் கால் வைக்கும்போது எழும் பயம், மனம் கற்றுக்கொண்ட அச்சமா? அல்லது கண், காது, முழங்கால், இதயம் ஆகியவற்றில் ஒன்று விடுக்கும் எச்சரிக்கையா? இரண்டுக்கும் தீர்வு வேறு.

படி அச்சம் என்பது என்ன?

படிகளையும் சரிவுகளையும் கண்டு ஏற்படும் மிகையான அச்சத்தை மருத்துவ உலகம் 'பாத்மோஃபோபியா' என்கிறது. படிகளில் ஏறி இறங்கும் செயலுக்கு அஞ்சுவது 'கிளைமகோஃபோபியா' எனப்படும். 'பாத்மோஸ்' என்றால் கிரேக்க மொழியில் படி. 'கிளைமாக்ஸ்' என்றால் ஏணி. முன்னவருக்குப் படிக்கட்டைப் பார்த்தாலே பதற்றம் வரும். பின்னவருக்குப் பார்ப்பதில் சிக்கல் இல்லை, கால் வைக்கும்போதுதான் நடுக்கம். நடைமுறையில் இரண்டும் பெரும்பாலும் கலந்தே காணப்படுகின்றன.

உயரத்துக்கு அஞ்சுவது இதற்கு நெருங்கிய உறவு என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. உயரத்துக்கு அஞ்சும் ஒருவர் பத்தாவது மாடிக்கு மின்தூக்கியில் சென்றாலும் சன்னல் அருகே நிற்கமாட்டார். படிக்கு அஞ்சுபவர் அதே சன்னலில் நிம்மதியாக நிற்பார், ஆனால் நான்கு படிகள் கொண்ட வங்கி வாசலில் தயங்குவார். நகரும் படிக்கட்டில் மட்டும் கால் வைக்க அஞ்சுவோரும் உண்டு.

எல்லாப் பயமும் நோயல்ல. அச்சம் ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும், உண்மையான ஆபத்தின் அளவைவிட மிகையாக இருக்க வேண்டும், படிகளைத் தவிர்க்கும் அளவுக்கோ வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கோ சென்றிருக்க வேண்டும். அப்போதுதான் மனநல மருத்துவர்கள் அதைக் 'குறிப்பிட்ட அச்சக் கோளாறு' என்று வகைப்படுத்துகிறார்கள். இது அரிதான கோளாறும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 22 நாடுகளில் நடத்தப்பட்ட உலக மனநல ஆய்வின்படி, ஏறக்குறைய 7.4 சதவீதம் பேர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட அச்சக் கோளாற்றுக்கு ஆளாகிறார்கள். படி அச்சம் அவற்றில் ஒன்று மட்டுமே.

பயம் எங்கிருந்து வருகிறது?

பள்ளத்தைக் கண்டு தயங்குவது மனிதருக்கு மிகச் சிறிய வயதிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் ஆகிய உளவியலாளர்கள் 1960-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தடித்த கண்ணாடித் தளம் ஒன்றின் ஒரு பாதி தரையோடு ஒட்டியும், மறு பாதிக்குக் கீழே பள்ளம் தெரியும்படியும் அமைக்கப்பட்டது. தவழும் பருவத்துக் குழந்தைகளில் 27 பேர் பாதுகாப்பான பக்கம் தவழ்ந்தனர். பள்ளம் தெரிந்த பக்கம் துணிந்தவர்கள் 3 பேர் மட்டுமே.

1985-ல் வெளியான மற்றோர் ஆய்வு, இந்தத் தயக்கத்தில் பெற்றோரின் பங்கைக் காட்டியது. இம்முறை பள்ளம் ஆழம் குறைவாக, குழந்தைக்கு ஐயம் எழும் அளவுக்கே வைக்கப்பட்டது. எதிர்ப்புறத்தில் நின்ற தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தனர். தாய் அச்ச முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. மாடிப்படியில் ஏறும் குழந்தையைப் பார்த்து வீட்டார் அலறும் ஒவ்வொரு முறையும், அக்குழந்தை படியைப் பார்ப்பதற்கு முன் வீட்டாரின் முகத்தைப் படிக்கிறது.

பயம் மனதில் பதியும் வழிகளை உளவியலாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஒன்று நேரடி அனுபவம்: சிறு வயதில் படியில் உருண்டு விழுந்தது, ஈரமான படியில் வழுக்கியது. இரண்டாவது பிறரைப் பார்த்துக் கற்றல்: பாட்டி படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைக் கண்டது. மூன்றாவது கேள்விப்படுதல்: நெரிசலில் படிகளில் நிகழ்ந்த விபத்துச் செய்திகள். எந்தச் சம்பவமும் நினைவில் இல்லாமலேயே பயம் கொள்வோரும் உண்டு. காரணம் நினைவுக்கு வராததால் சிகிச்சை பலிக்காது என்று கருதத் தேவையில்லை.

உடலில் என்ன நடக்கிறது?

மூளையில் வாதுமைக் கொட்டை வடிவில் இருக்கும் 'அமிக்டலா' என்ற பகுதி ஆபத்தைக் கண்காணிக்கும் காவலாளி. படியை ஆபத்து என்று அது ஒருமுறை பதிந்துகொண்டால், அறிவு யோசித்து முடிக்கும் முன்பே எச்சரிக்கை மணியை அடித்துவிடும். இதயம் வேகமாகத் துடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு மேலெழுந்தவாரியாக ஓடும், தொடைத் தசைகள் விறைக்கும். விறைத்த காலால் படியில் இயல்பாக நடக்க முடியாது. நடை தடுமாறுகிறது. தடுமாற்றம் பயத்தை உறுதிப்படுத்துகிறது.

"மயங்கி விழுந்துவிடுவேன்" என்பதே பலரின் முதன்மைக் கவலை. ஆனால் பொதுவாக அச்சத்தின்போது இரத்த அழுத்தம் உயர்கிறது. மயக்கம் வருவதற்கு அது குறைய வேண்டும். இரத்தத்தையும் ஊசியையும் கண்டு அஞ்சுவோருக்கே பயத்தால் மயக்கம் வருவது வழக்கம். படி அச்சத்தில் தலை கிறுகிறுப்பது பெரும்பாலும் வேகமாக மூச்சு விடுவதன் விளைவு. மூச்சின் வேகம் தணிந்தால் கிறுகிறுப்பும் தணியும்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் ஏன்?

படி அச்சம் உள்ளவர்களில் பலர் ஏறிவிடுவார்கள். இறங்கும்போதுதான் உறைந்து நிற்பார்கள். இதற்கு உடலியல் காரணங்கள் உண்டு.

முதலாவது, பார்வை. ஏறும்போது கண் முன்னே அடுத்த படி இருக்கிறது. இறங்கும்போது கண் முன்னே வெட்டவெளி. நிற்கும்போது மனித உடல் எப்போதும் இலேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள பொருட்களை வைத்தே கண் அந்த ஆட்டத்தை அளந்து திருத்துகிறது. சாமுண்டி மலையிலிருந்து இறங்குபவருக்கு எதிரே மைசூரு நகரம் தொலைவில் விரிந்து கிடக்கிறது. அவ்வளவு தொலைவிலுள்ள காட்சியை வைத்துக் கண்ணால் ஆட்டத்தை அளக்க முடிவதில்லை. அதனால் உடல் நிலையற்றதுபோல் தோன்றுகிறது. ஜெர்மனியில் 3,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2013-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், உயரத்திலிருந்து பார்க்கும்போது இத்தகைய நிலையின்மையை வாழ்வில் உணர்ந்ததாகக் கூறியவர்கள் 28 சதவீதம். அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். பார்வையைத் தொலைவிலிருந்து விலக்கி, இரண்டு மூன்று படிகள் தள்ளிப் பதித்து, கைப்பிடியைத் தொட்டபடி இறங்கினால் இந்த உணர்வு குறைவது இதனால்தான்.

இரண்டாவது, முழங்கால். செயற்கை மூட்டுக்குள் உணரியைப் பொருத்தி எடுத்த அளவீடுகளில், சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையின் சுமார் இரண்டரை மடங்கு சுமை விழுவதும், படி இறங்கும்போது அது ஏறக்குறைய மூன்றரை மடங்காவதும் தெரியவந்தது. தொடைத் தசை வலுவிழந்தவருக்குக் கால் மடங்கிவிடும் என்ற பயம் வெறும் கற்பனையல்ல.

மூன்றாவது, மூக்குக் கண்ணாடி. தொலைவுக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடி அணிபவர் கீழே பார்க்கும்போது, படிப்பதற்கான அடிப்பகுதி வழியாகப் படியைப் பார்க்கிறார். படியின் விளிம்பு மங்கித் தெரிகிறது, ஆழம் தவறாகத் தோன்றுகிறது. நாற்பது வயதுக்குப் பின் புதிதாகப் படி அச்சம் தொடங்கியவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது தங்கள் கண்ணாடியை. படிகளில் நடப்பதற்கெனத் தொலைப்பார்வைக் கண்ணாடி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்று கண் மருத்துவரிடம் கேட்கலாம்.

முதலில் விலக்க வேண்டிய காரணங்கள்

மனநல ஆலோசனைக்குச் செல்லும் முன் உடல் பரிசோதனை அவசியமாவது இங்கேதான். படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவை இருந்தால் அதைப் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

தலை சுற்றல் இன்னொரு முக்கியக் காரணம். உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பின் நுண்ணிய சுண்ணப் படிகங்கள் இடம் பெயர்ந்தால், தலையை அசைக்கும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் உலகமே சுழல்வதுபோல் இருக்கும். பலருக்கு இது மருந்தின்றி, தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பும் எளிய முறையாலேயே சரியாகிறது. ஆனால் சுற்றல் நின்ற பிறகும், "மீண்டும் வந்துவிடுமோ" என்ற பயம் படிகளோடு ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது நோய் போய்விட்டது, அச்சம் மட்டும் தங்கிவிட்டது என்று பொருள்.

மைசூருவுக்கு இந்த வகையில் ஒரு தனி வசதி உண்டு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் 1966 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், மானசகங்கோத்ரி வளாகத்தில் அமைந்திருக்கிறது. காது, மூக்கு, தொண்டைப் பிரிவும் மருத்துவ உளவியல் பிரிவும் அங்கே ஒரே வளாகத்தில் உள்ளன. காதின் சமநிலைக் குறைபாடா, மனதின் அச்சமா என்று பிரித்தறிய வேண்டியவர்களுக்கு இத்தகைய அமைப்பு பெரிதும் உதவும். மற்ற ஊர்களில் இருப்போர் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் தொடங்கலாம்.

பயம் அல்ல, படியே தவறாக இருந்தால்?

சில படிகளுக்கு அஞ்சுவதே புத்திசாலித்தனம். இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது. பொதுமக்கள் கூடும் கட்டடங்களுக்கு அகலம் 300, உயரம் 150 மில்லிமீட்டர். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, மொட்டை மாடிக்குச் செல்லும் படிகளைப் பலர் இதைவிடச் செங்குத்தாக அமைத்துவிடுகிறார்கள்.

உயரத்தைவிட ஆபத்தானது ஒழுங்கின்மை. முதல் சில படிகளிலேயே கால் ஓர் அளவைக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் கண் பார்க்காமலேயே அதே உயரத்துக்குத் தூக்குகிறது. இடையில் ஒரு படி மட்டும் கூடவோ குறையவோ இருந்தால் கால் இடறுகிறது. பழைய கற்படிகளில் இது சாதாரணம். மெருகேற்றிய கிரானைட், மழைச்சாரல் விழும் வெளிப்படி, ஒரே நிறத்தில் கலந்துவிடும் படி விளிம்புகள், எரியாத விளக்கு ஆகியவையும் அவ்வாறே.

இவற்றை மாற்றுவதற்கு மனவலிமை தேவையில்லை, கொத்தனாரும் மின்பணியாளரும் போதும். இருபக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மாறுபட்ட நிறத்தில் வழுக்காத பட்டை, மேலும் கீழும் விளக்கு சுவிட்சு என்ற மூன்று மாற்றங்களே வீட்டு முதியோரின் பயத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடும்.

முதியோரிடம் பயம் ஏன் கூடுதல் ஆபத்து?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். சாலை விபத்துகளுக்கு அடுத்தபடியாக, எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களுக்கு இதுவே இரண்டாவது பெரிய காரணம். ஆகவே முதியவர் ஒருவர் படிக்கு அஞ்சுவதில் பொருளில்லை என்று யாரும் கூற முடியாது.

ஆனால் அந்த அச்சம் அவரை நாற்காலியிலேயே இருத்திவிட்டால் விளைவு தலைகீழாகிறது. நடக்காத கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் எளிதில் இடறுகிறது. ஒருமுறை இடறியதும் பயம் இரட்டிப்பாகிறது. "நீங்கள் மாடிக்கு வர வேண்டாம், கீழேயே இருங்கள்" என்று பிள்ளைகள் அன்போடு சொல்வதும் இந்தச் சுழற்சிக்குத் துணைபோகக்கூடும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது போன்ற எளிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் செய்வதே மேல். ஒரு காலில் வலி உள்ளவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் கற்றுத்தரும் விதி ஒன்று உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

தவிர்த்தால் வளரும், எதிர்கொண்டால் தேயும்

உடல் காரணங்கள் விலக்கப்பட்டு, படியும் சரியாக இருந்து, பயம் மட்டும் எஞ்சினால் அதற்குத் தெளிவான சிகிச்சை உண்டு. குறிப்பிட்ட அச்சங்களுக்கு மருந்தைவிட 'எதிர்கொள்ளல் சிகிச்சை'யே முதன்மையானது. அஞ்சும் பொருளைச் சிறு சிறு அளவில், திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் சந்திப்பதே அதன் சாரம்.

இம்முறை பலிப்பதற்குக் காரணம் எளிது. படியைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் உடனடி நிம்மதி கிடைக்கிறது. "தவிர்த்ததால்தான் தப்பித்தேன்" என்று மூளை குறித்துக்கொள்கிறது. எதிர்பார்த்த விபரீதம் நடக்காது என்பதை அறியும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. படியில் நின்று, பயத்தோடு இருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று காணும்போதுதான் மூளை புதிய பாடத்தைப் பதிக்கிறது. பழைய பயம் முற்றிலும் அழிவதில்லை. புதிய பாடம் அதைவிட வலுவாகி அதை அடக்குகிறது. திரும்பத் திரும்பப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

மருத்துவ முறையாக இது உருவாகும் முன்பே, ஜெர்மானியக் கவிஞர் கதே இதைத் தானாகவே செய்து பார்த்திருக்கிறார். 1770-71-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சட்டம் பயின்றபோது, உயரத்தில் தலைசுற்றும் தொல்லை அவருக்கு இருந்தது. அந்நகரப் பேராலயத்தின் கோபுரத்துக்குத் தனியாக ஏறி, உச்சிக்கு அருகில் அமர்ந்திருந்து, பின்னர் கைப்பிடியற்ற சிறு மேடையில் வெளியே வந்து நின்றார். தொல்லை மறையும்வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் மலைப் பயணங்களுக்கு அது உதவியது. ஆனால் நேரே உச்சிக்குப் போகும் அவரது துணிச்சல் எல்லோருக்கும் ஏற்றதல்ல. 1924-ல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய சிறுவனிடம் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். 1958-ல் ஜோசப் வோல்ப் அதைப் படிநிலைகள் கொண்ட முறையாக வகுத்தார். பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பெண்ணாக அளக்கும் வழக்கமும் அவருடையதே.

இன்று இதற்குக் கணினியும் கைகொடுக்கிறது. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உயரத்துக்கு அஞ்சும் 100 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மெய்நிகர் கருவி மூலம் பயிற்சி அளிக்கப்பட்டது. கற்பனைக் கட்டடமொன்றின் பத்து மாடிகளில் அவர்கள் உலவினார்கள். இரண்டு வாரங்களில் அவர்களின் அச்ச அளவு சராசரியாக 68 சதவீதம் குறைந்தது.

வீட்டில் தொடங்குவது எப்படி?

இலேசான, மிதமான அச்சம் உள்ளவர்கள் தாங்களே தொடங்கக்கூடிய வரிசை இது. ஒவ்வொரு நிலைக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் இட்டு, குறைந்த மதிப்பெண் உள்ளதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் நிலை: படிக்கட்டுகளின் படங்களையும் காணொளிகளையும் பார்ப்பது.

இரண்டாம் நிலை: படிக்கட்டின் கீழே நின்று, கைப்பிடியைத் தொட்டு, சில நிமிடங்கள் அங்கேயே இருப்பது.

மூன்றாம் நிலை: ஒரு படி ஏறி, திரும்பி, இறங்குவது. பத்து முறை.

நான்காம் நிலை: மூன்று படிகள், பிறகு ஐந்து, பிறகு திருப்பம்வரை. ஒவ்வொன்றிலும் நின்று கீழே பார்ப்பது.

ஐந்தாம் நிலை: ஒரு மாடி முழுவதும் துணையோடு ஏறி இறங்குவது.

ஆறாம் நிலை: அதையே துணையின்றிச் செய்வது.

ஏழாம் நிலை: வேறு கட்டடம், இடைவெளி தெரியும் இரும்புப் படி, ரயில் நிலைய நடைமேம்பாலம் என்று இடத்தை மாற்றுவது.

இதில் கவனிக்க வேண்டியவை சில. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் தப்பித்த நிம்மதியே மனதில் பதியும். அதே இடத்தில் நின்று, மெதுவாக மூச்சை வெளியே விட்டு, பயம் ஓரளவு தணியும்வரை காத்திருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடிப்பது கோழைத்தனம் அல்ல, அது எல்லோருக்கும் உரிய பாதுகாப்பு. கண்ணை மூடிக்கொள்வது, எப்போதும் ஒருவர் தோளைப் பற்றியே நடப்பது போன்ற ஊன்றுகோல்களைத்தான் மெல்லக் கைவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை நீண்ட நேரம் முயல்வதைவிட, தினமும் சிறிது நேரம் முயல்வது பயன் தரும். இடையில் ஒரு நாள் பயம் திரும்பினால் அது தோல்வியல்ல, ஒரு நிலை கீழிறங்கி மீண்டும் தொடர்ந்தால் போதும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கேலி செய்வதும், கையைப் பிடித்து இழுப்பதும், திடீரென உச்சிக்குக் கொண்டுபோவதும் பயத்தை ஆழப்படுத்தும். வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் அஞ்சுபவர் மட்டுமே.

மலைப்படிகளும் பயிற்சிக் களமே

17-ஆம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தில் அமைக்கப்பட்டவை என்று கூறப்படும் சாமுண்டி மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், ஒரே மூச்சில் ஏறியாக வேண்டியவை அல்ல. பாதிக்கும் மேல் ஏறியதும் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட பிரம்மாண்ட நந்தி வருகிறது. அந்த இடத்துக்கு வாகனச் சாலையும் உண்டு. கோயிலுக்கும் பேருந்து செல்கிறது. அச்சத்தோடு பழகுபவருக்கு இந்த அமைப்பு வசதியானது. முதல் முறை நந்திவரை வாகனத்தில் சென்று, அங்கிருந்து மேலே சில படிகள் மட்டும் ஏறி இறங்கலாம். அடுத்த முறை நந்தியிலிருந்து கோயில்வரை ஏறி, பேருந்தில் திரும்பலாம். இறங்கும் பயம் தணிந்த பிறகு, அந்தப் பகுதியை மட்டும் நடந்து இறங்கலாம். அடிவாரத்திலிருந்து ஏறுவது கடைசி நிலை. கூட்டம் நிறைந்த ஆஷாட வெள்ளியைத் தவிர்த்து, சாதாரண நாளின் காலைப் பொழுதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தமிழகத்தில் திருத்தணியின் 365 படிகளுக்கும், சோளிங்கரின் 1,305 படிகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே மலைப்படிகளில் முயல வேண்டும். மூட்டு ஒத்துழைக்காதவர் பேருந்தில் செல்வதில் எந்தக் குறையும் இல்லை. பயமா, உடல்நிலையா என்று தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

எப்போது, எங்கே உதவி நாடலாம்?

படிகளைத் தவிர்ப்பதற்காக வேலையையோ படிப்பையோ சிகிச்சையையோ கைவிடும் நிலை வந்தாலும், படியை நினைத்தாலே தூக்கம் கெட்டாலும், தானாக முயன்று சில வாரங்களாகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலும் மருத்துவ உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ அணுக வேண்டும். பதற்றத்தை உடனே தணிக்கும் மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உட்கொள்வது கூடாது. அவை அப்போதைக்கு அமைதி தந்தாலும் பழக்கமாகும் அபாயம் உண்டு. முதியோருக்குத் தள்ளாட்டத்தை ஏற்படுத்தி, விழும் ஆபத்தையும் கூட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் ஆலோசனை பெறலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதன் தலைமை மையமாகச் செயல்படுகிறது. தமிழிலும் பேசலாம்.

அழைப்பவர் முதலில் சொல்ல வேண்டியது, "எனக்குப் படி ஏறவே பயமாக இருக்கிறது" என்ற ஒரே வாக்கியம்தான். அது ஏறும்போதா, இறங்கும்போதா, எப்போதிலிருந்து, தலைசுற்றலோ நெஞ்சு வலியோ உண்டா என்ற விவரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பேசினால், மனதின் அச்சத்தையும் உடலின் எச்சரிக்கையையும் பிரித்தறிவது மருத்துவருக்கு எளிதாகும்.